அதே பாட்டு

மேனேஜர் குரியாக்கோஸ் கனடாவுக்குப் போனபோது
பங்களாவைக் காலி பண்ண என் ஜீப்பைத்தான் கூப்பிட்டார்கள்.
கட்டில் மகளுக்கு, ஃபிரிட்ஜ் டிரைவர் சன்னிக்கு,
குப்பை எனக்கு.
குப்பைக்குள் ஒரு பிஸ்கட் டின்,
டின்னுக்குள் ஒற்றைக் கேசட்.
மேலே பென்சிலில் மலையாளம்.
பஸ் போர்டு பார்த்துப் படித்த மலையாளம் எனக்கு,
குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் தாண்டினால் திக்கும்.
இது திக்கவில்லை.
'அதே பாட்டு.'
மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
அதே பாட்டுக்கு அதே பாட்டுதான்.

மறுநாள் விடியுமுன்
கம்பத்தில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு டேப்பில் போட்டேன்.
முதல் கொண்டையூசி வளைவில் ஒரு டிரம்பெட்,
தொண்டைக்கட்டோடு.
"எழவு வீட்டுக்கா கூட்டிட்டுப் போற?" என்றாள் ஒச்சம்மா.
மூன்றாவது வளைவில் வேறொரு ஆள். அதே பாட்டு.
ஐந்தாவதில் ஒரு பெண். அதே பாட்டு.
"டேப்பு ரிப்பேரு, பெல்ட்டை மாத்து"
இது வீருசின்னு.

மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில்
ஆறு பெயர்கள். மகன் செல்போனில் தேடினான்.
வெண்டல் ப்ராக்கெட்: ஒரே ஒரு இசைத்தட்டு,
அப்புறம் தபாலாபீஸ் வேலை.
ஓட்டோ ரைமெர்ஸ்: அடுத்தவர் தட்டுகளில் பின்னால் வாசித்தவர்,
போட்டோவில் பாதி முகம் தூணுக்குப் பின்னால்.
இனெஸ் டல்லார்ட் என்று தட்டினால்
ஒரு பல் டாக்டரம்மா வருகிறாள்.
மற்ற மூன்று பேருக்கு அதுவும் இல்லை.
இதே பாட்டால் பெரிய ஆளானவர்களும் உண்டாம்.
மேனேஜர் அவர்களைப் பதியவில்லை.

ஏலக்காய் ஸ்டோரில் சல்லடை பார்த்திருக்கிறேன்.
பருத்தது மேலே நிற்கும், ஏலத்துக்குப் போகும்.
கீழே விழுந்ததைத்தான் நாங்கள் டீயில் போடுகிறோம்.

கேட்கக் கேட்க ஆள் பிடிபட்டது.
ப்ராக்கெட் வளைவு வருமுன்பே ஹாரன் அடித்துவிடுவார்.
ரைமெர்ஸ் பிரேக்கைத் தொடாமலே
எதிர்வண்டிக்கு ஒதுங்குவார்.
டல்லார்ட் பாதி வரியில் நின்று, மூச்சு வாங்கி,
மறந்துபோன மாதிரி நடித்து
வேறெங்கிருந்தோ வந்து ரோட்டில் ஏறுவாள்.
ரோடு ஒன்றுதான். வளைவெல்லாம் அரசாங்கம் போட்டது.

ஏழாவது ஆளின் பெயரைப் பூஞ்சை தின்றிருந்தது.
பியானோ.
அடியில் கால்மிதி கிறீச்சிடும்.
எண்ணெய் காணாத கிளட்ச் எனக்குத் தெரியாதா.
எல்லோரும் உருகுகிற அந்த இடத்தில்
அவர் அந்தச் சுரத்தை வாசிப்பதில்லை.
கிறீச், அவ்வளவுதான். பிறகு அடுத்தது.
பின்னால் யாரோ தம்ளரைக் கீழே வைக்கிறார்கள்.
எந்த ஊர், எந்த ராத்திரி, தம்ளரில் என்ன?
அந்தச் சத்தத்துக்காக
இரண்டு வளைவு முன்பிருந்தே காத்திருப்பேன்.

செக்போஸ்ட்டில் புதுப் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார்.
"எந்தா இது?"
"அதே பாட்டு, சார்."
"ஏது பாட்டு?"
"அதே பாட்டு."
ஓரங்கட்டச் சொன்னார்.
பதினாலு பேருக்கும் அரைமணி நேரம் போச்சு.
கங்காணியிடம் வாங்கிய வசவை
வட்டியோடு எனக்குக் கொடுத்தார்கள்.

ஆவணியில் டேப் நாடாவைத் தின்றது.
பென்சில் விட்டுச் சுற்றி, வெட்டி ஒட்டினேன்.
போனது ஒரு விரல் நீளம்,
டல்லார்ட் மூச்சு வாங்குகிற இடம்.
இப்போது அவள் நிற்காமல் பாடுகிறாள்.
அது அவள் இல்லை.

நேற்று இறக்கம், மழை. டேப்பைப் போடவில்லை.
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே
பின்சீட்டில் ஒச்சம்மா எதையோ முனகினாள்.
ஒப்பாரி இழுவைதான்,
ஆனால் இறங்குகிற படிகள் தெரிந்தவை.
அந்த ஒரு சுரம் வரவேண்டிய இடத்தில்
அவள் வாயைத் திறக்கவில்லை.
என் கிளட்ச் மட்டும் கிறீச்சிட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்.

"ரோட்டப் பாருய்யா," என்றாள்.