மூட்டுவாய்

வியாழன் இரவு. ஃப்ளீட் தெருவின் பின்சந்தில்
மூன்றாம் மாடி.
தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை
எரிவாயு விளக்கைக் குடித்து
ஒரு காசளவு வெளிச்சமாய் உமிழ்கிறது
ஜேபஸ் ஹாலமின் கட்டைமேல்.

துருக்கியிலிருந்து கப்பலேறி வந்த மரம்.
பன்னிரண்டு துண்டாய்க் கழற்றிப்
பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைத்தாயிற்று.
லெஃப்டினன்ட்டின் முகம் குரோவுக்கு.
முகம் அவன் மட்டுமே வெட்டுவான்; கூலியும் ஒன்றரை மடங்கு.
கடல் ஒரு பையனுக்கு.
கோடிழுக்க இயந்திரம் இருக்கிறது,
கடலுக்குக் கைத்திறன் எதற்கு?
ஹாலமுக்கு ஏழாம் துண்டு:
போர்க்கப்பல் தளத்தில் குந்தியிருக்கும் உடம்புகள்.

ஓரத்தில் பென்சிலில் பத்திராதிபர்:
விலா இன்னும் தெரியட்டும்.
சங்கிலி ஒன்று சேர்க்க.

இந்தத் தொழிலில் ஒரே கணக்கு.
உளி பட்ட இடம் வெள்ளை,
படாத இடம் கறுப்பு.
வெட்டியது வெளிச்சம், விட்டது இருட்டு.
லெஃப்டினன்ட்டின் வெள்ளைக் காற்சட்டைக்குக்
கை கடுக்கக் கடுக்க மரத்தை வழித்தெடுக்க வேண்டும்.
இவர்களுக்கோ
மரத்தை மரமாகவே விட்டால் பாதி வேலை முடிந்தது.
நல்லதாய்ப் போயிற்று என்றுதான் ஹாலம் நினைத்தான்;
வீட்டில் குழந்தைக்குக் கக்குவான்.

பிறகு கண்டான்,
கைகளை உயர்த்திய ஒருத்தியின் அடியில்
அழித்த கோடு.
முதலில் வரைந்தபோது அவள்
மாலுமிகளுக்கு முதுகு காட்டி இருந்திருக்கிறாள்.
யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்,
நன்றி சொல்ல.
அழிந்த முதுகை ஒரு நிமிடம் பார்த்தான்.
உயர்ந்த கையை வெட்டினான்.
மற்றக் கை எட்டாம் துண்டில், வேறு யாரிடமோ.

விடியுமுன் திருகாணி முடுக்கிப்
பன்னிரண்டும் ஒன்றானது.
மூட்டுவாயில் கோடுகளை இணைக்கிறவன்
அச்சுக்கூடத்து வண்டி வந்துவிட்டதென்று
அவளை அப்படியே விட்டான்.
சனிக்கிழமை ஐந்து பென்னிக்கு
நாடு முழுக்கப் போனாள்,
உச்சியிலிருந்து இடுப்புவரை
மயிரிழை வெள்ளைக் கோட்டோடு.

*

மாஹே தீவு. வனிலா உலர்த்தும் கொட்டகை.
காற்று புகாதிருக்கப் பலகை இடுக்குகளில்
பழைய பத்திரிகை ஒட்டியிருக்கிறது.
பதிவேட்டில் அவள் ரோசலி,
வயது சுமார் இருபது, விடுதலை பெற்றவள்,
ஐந்தாண்டு ஒப்பந்தம்.
பெயர் நம்பேவே என்பது
அவளைத் தவிர அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும்.
படத்தில் பதினான்கு பேர்.
தளத்தில் இருந்தது இருநூற்று முப்பத்தாறு.
சங்கிலியா? கயிறுகூட இல்லை;
பசியே போதுமாயிருந்தது.
கைகளை உயர்த்தியவள் யாரென்று அடையாளம் தெரியவில்லை.
அவளைப் பிளக்கும் வெள்ளைக் கோட்டைத்
தூசியென்று துடைத்தாள். போகவில்லை.

அப்புறம்தான் கடலைப் பார்த்தாள்.
சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாய்,
ஓரலை இன்னோரலையைத் தொடாமல்,
ஆளில்லாத கடல்.

அன்று,
துரத்தும் படகைக் கண்டதும் நகுதா
பாய்க்கப்பலைப் பாறையில் ஏற்றினான்.
நுரைக்குள் விழுந்தவர்களில் தம்பி.
காப்பாற்றியவர்கள் கஞ்சி தந்தார்கள்,
போர்வை தந்தார்கள்,
ஒருவன் மடியில் தாள் வைத்து எதையோ கிறுக்கினான்.
அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இடுப்பில் செருகிய எலுமிச்சை முள்ளை எடுத்தாள்,
வனிலாப் பூவைக் கீறி மகரந்தம் வைக்கும் முள்.
சீரான அந்தக் கடலில், கரைக்குச் சற்று முன்,
ஒரு தலை தெரிந்து மறையும் தூரத்தில்
குத்தினாள்.

பின்னால் பலகை இடுக்கு.
அதற்குப் பின்னால் காலை.
கடுகளவு வெளிச்சம்
கடலில் நின்றது.

மணி அடித்தார்கள்.
பூ உச்சிவேளை தாங்காது;
இன்னும் நான்கு வரிசை பாக்கி.