தொடர்ச்சிக் குறிப்பு

நாலு வரி, ஒரு படம் போட்டிருக்கிறது பத்திரிகை.
மூன்று தப்பு.
பிறந்த ஊர் லீட்ஸ் இல்லை, ஹல்.
வயது எழுபத்தொன்று இல்லை, எழுபத்துநான்கு;
அந்த மூன்றை அவரே ஒரு நடிகர் தேர்வு வரிசையில்
தொலைத்துவிட்டு வந்தார், தேடவில்லை.
படத்தில் இருப்பது அவர்தான் என்றாலும் அவரில்லை:
பிஷப் வேஷம்,
மெழுகில் ஒட்டிய வேறு யாருடைய மூக்கோ.

தப்புப் பிடிப்பதுதான் என் பிழைப்பு.
கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலி, மடியில் நோட்டு.
சிகரெட் எந்தக் கையில், எதுவரை எரிந்தது,
கோப்பையில் தேநீர் எவ்வளவு,
மேல்பொத்தான் திறந்தா மூடியா.
வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்ட் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.
"பென்சில், இப்போது நான் உயிரோடு இருக்கிறேனா?"
நியாயமான கேள்வி.
அந்த வாரம் செவ்வாய் பிணம், புதன் பால்காரர்,
வியாழன் அதே பிணத்தின் தம்பி.

அப்பா மீன்துறையில் நடுராத்திரி கூடை இறக்கியவர்.
மகன் முதன்முதலில் மேடை ஏறியது
பிரிட்லிங்டன் கடற்கரைக் கொட்டகையில்,
குதிரையின் பின்னங்கால்களாக.
பதினாறு வாரம். முன்னங்கால்கள் ஒரு குடிகாரன்.
"முன்னால் போகிறவன் எங்கே விழுவான் என்று
இருட்டிலேயே தெரிந்துகொள்வது.
நடிப்பில் நான் படித்தது அவ்வளவுதான்" என்பார்.

பிறகு தொலைக்காட்சி.
கான்ஸ்டபிள், பல் டாக்டர், காது கேளாத நீதிபதி.
ஆறு வருஷம் மாடிவீட்டு மிஸ்டர் பிம்மாகக்
குடைக்கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.
நாட்டுக்கே முகம் தெரியும், பெயர்தான் தெரியாது.
ரொட்டிக்கடையில் ஒரு பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டு,
"எங்கள் பாய்லரைச் சரிசெய்ய வந்தவர்தானே நீங்கள்?"
ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.
"அந்தச் சத்தம் இன்னும் வருகிறதா அம்மா?"
வருகிறதாம்.
போய்ப் பார்த்தார். நானும்தான் கூடப் போனேன்.
மண்டியிட்டு, காதை வைத்துக் கேட்டு,
பாதிரியார் குரலில் "வயசாகிவிட்டது" என்றார்,
இரண்டு பிஸ்கட் தின்றார், வந்துவிட்டோம்.

எழுபத்திரண்டு, நவம்பர், ஸ்டூடியோ இரண்டு.
மனைவியை அடக்கம் செய்த மறுவாரம்
ஒருவன் கசாப்புக்கடைக்கு வருகிறான்.
எழுதியிருந்தது: "ஒரு துண்டு போதும்."
வில்ஃப்ரெட் சொன்னது: "இரண்டு துண்டு."
நான் கையைத் தூக்கினேன்.
யாரும் கட் சொல்லவில்லை.
கடைக்காரர் இரண்டைப் பொட்டலம் கட்டினார்.
இவர் காசை எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார்.
தொப்பியைக் கழற்றிப் பொட்டலத்தின்மேல் கவிழ்த்து,
தூங்கும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி
எடுத்துக்கொண்டு போனார்.
சிரிக்கத் தொடங்கிய லைட்டுக்காரர் ஒருவர்
பாதியில் அதை இருமலாக்கிக்கொண்டார்.
அப்புறம் என் முக்காலியருகே குனிந்து,
"மன்னித்துவிடு, பென்சில்.
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை."

ஒரே ஒருமுறை ஒளிபரப்பானது.
டேப் விலை ஏறிக் கிடந்த காலம்;
அழித்து, அதன்மேலேயே ஸ்னூக்கர் பதிந்துவிட்டார்கள்.
விஷயத்தைச் சொன்னபோது
"யார் ஜெயித்தது?" என்றுதான் கேட்டார்.

நேற்று, ஹல்லில், பதினோரு பேர்.
பாதிரியார் அவர் பெயரை இருமுறை தப்பாகச் சொன்னார்.
கை தானாகப் பாதிவரை எழுந்தது.
இறக்கிக்கொண்டேன்.

ராத்திரி நோட்டைத் தேடி எடுத்தேன்.
பென்சில் எழுத்து, வெள்ளியாக மங்கி:

காட்சி 14. ஒரே டேக்.
மேல்பொத்தான் மூடி, இரண்டாவது பொத்தான் இல்லை.
பொட்டலம் இரு கையிலும், நூல்முடிச்சு வெளிப்பக்கம்.
தலையில் தொப்பி இல்லை. பொட்டலத்தின்மேல்.
விளிம்பு மழையில் நனைந்தது.
அடுத்த ஷாட் வரை காயவிடக் கூடாது.