பதினெட்டு டிகிரி

இந்த ஊரின் குளிர்காலத்தை
நான்தான் பார்த்துக்கொள்கிறேன், மாதச் சம்பளத்துக்கு.
கணினிப் பெட்டிகள் வரிசையாய் மூச்சுவிடும் கூடத்தில்
இரவு முழுவதும் பதினெட்டு டிகிரி.
வாசலில் நீலநிற ஒட்டுவிரிப்பு.
வெளியுலகத்தின் தூசியைக் காலணியிலிருந்து
அதில் இறக்கிவைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

காலை ஏழரைக்குக் கதவு திறந்தால்
மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும்.
வெளியே தை மாதம்.
மழை விட்டும் விடாத வெக்கை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
கிராஞ்சியில் இறங்கிப் பேருந்து மாறி
குளிர்ச்சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு
சுங்கை பூலோ வாசலில் நின்றேன்.

முதலை உண்டு, பாதையை விட்டு விலகாதீர்
என்றது பலகை.
தூக்கக் கண் அதை
முதலாளி உண்டு என்று படித்தது.
விலகாமல் நடந்தேன்.

கண்டல் வேர்கள் சேற்றிலிருந்து விரல்விரலாய் எழுந்து
காற்றுக் குடித்துக்கொண்டிருந்தன.
சேற்றுமீன் ஒன்று துடுப்பை ஊன்றி மேலே ஏறி
வந்த வேலை மறந்ததுபோல்
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
உடும்பு குறுக்கே கடந்தது,
வாடகை பாக்கி இல்லாதவன் நடை.

பறவை பார்க்கும் மறைவிடத்தில் ஏற்கெனவே ஓர் அம்மாள்.
முக்காலியில் தொலைநோக்கி, வெளிறிய தொப்பி, தெர்மாஸ்.
என் கழுத்தில் இன்னும் தொங்கிய வேலை அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.
பெக் ஹியாங் என்று பெயர் சொன்னார்.
ஊர் கேட்டார். மன்னார்குடி என்றேன்.
வழுக்கும் பலகையில் கால்வைப்பதுபோல்
ஓர் எழுத்து ஓர் எழுத்தாய்ச் சொல்லிப்பார்த்தார்.
பிறகு சேற்றைக் காட்டி
அதுவும் உன்னைப்போலத்தான், சைபீரியாவிலிருந்து, என்றார்.

எல்லாரும் சொல்வதுதான்.
வலசைப் பறவைக்கும் எங்களுக்குமாய்
இருப்பது ஒரே ஓர் உவமை,
முறைவைத்து உடுத்திக்கொள்கிறோம்.
நான் பறக்கவில்லை அம்மணி.
நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன்,
உப்புமா கொடுத்தார்கள்.
இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி
உப்புமாவுக்கு வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டேன்.

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.
வட்டத்துக்குள் முதலில் என் இமைமயிர்.
பிறகு தண்ணீர்.
பிறகு பவளக்காலி.
ஒரு காலை வயிற்றுக்குள் மடித்துவிட்டு
மற்றதில் நின்றது.
பவளம் என்று யார் சொன்னார்களோ,
எனக்கு அது கோவைக்காய் பழுக்கத் தொடங்கும்
முதல் நாளின் சிவப்பு.
அலகை முதுகில் செருகித்
தூங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவு தூரம் வந்து
அது செய்தது இதுதான்.
எதிர்க்கரையில் ஜொகூர் கட்டடங்கள் நிற்க,
கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்க,
யாருக்கும் கணக்குக் கொடுக்காத தூக்கம்.
சற்றைக்கொரு முறை ஒற்றைக் கண் திறந்து
மூடியது.
அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.
விடியற்காலை நாலு மணிக்கு
எச்சரிக்கை விளக்குகளுக்கு முன்னால்
அதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீர் கணுக்காலைத் தாண்டியதும்
ஒன்று எழும்பியது.
பிறகு எல்லாம்,
சேறே தன்னை உதறிக்கொண்டதுபோல்.
பெக் ஹியாங் எண்ணத் தொடங்கி
நூற்றுப்பத்தில் தொலைத்து
தன் மொழியில் எதையோ திட்டினார்.
நான் எண்ணவில்லை.
காற்று முகத்தில் வந்து மோதியது.
குளிர் என்று சொல்ல முடியாது.
காற்று.

திரும்பும் வழியில் மழை அரித்த ஓரிடத்தில்
பாதை சேறாகிக் கிடந்தது. மிதித்துத்தான் வந்தேன்.

அன்றிரவு ஒன்பதுக்கு
ஒட்டுவிரிப்பில் வலது காலை வைத்து எடுத்தேன்.
மொச்சைக்கொட்டை அளவு சேறு,
காய்ந்தும் காயாமல்,
நீலத்தில் ஒட்டிக்கொண்டது.
மேற்பார்வையாளர் வருவதற்குள் தாளை உரித்துவிடலாம்.
அடியிலேயே புதுத்தாள் இருக்கிறது.

இடது காலையும் வைத்தேன்.