கிளட்ச் கால்

இடது கால்தான்.
முப்பத்தோரு வருடம்
சாட்ஸ்வர்த்துக்கும் டர்பன் டவுனுக்கும் நடுவே
கிளட்ச் மிதித்த கால்.
ஏற்றத்தில் ஒரு மிதி, சிவப்பு விளக்கில் ஒரு மிதி,
கைக்குழந்தையோடு ஓடிவருகிறவளுக்காக இன்னொரு மிதி.
அப்போது எண்ணவில்லை.
இப்போது எண்ணுகிறேன்:
கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினாலு அடி,
திரும்பி வர இருபது.

அறுத்து, தேய்ந்ததை எடுத்து,
உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்து
இன்று பத்தொன்பதாம் நாள்.
"புது பார்ட் போட்டாச்சு, மிஸ்டர் குப்புசாமி" என்றார் டாக்டர்.
புது பார்ட் போட்டால் வண்டி ஓடும், டாக்டர்.
இது ஒர்க்‌ஷாப்பையே காலுக்குள் மறந்துவிட்டுப்
போனமாதிரி இருக்கிறது.

வலியைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.
அசதியைச் சொல்லத்தான் வாயில்லை.
பல் துலக்கினேன், உட்கார்ந்துவிட்டேன்.
சட்டையில் மூன்று பொத்தான் போட்டாயிற்று,
நான்காவது மத்தியானத்துக்கு.
"சும்மா படுத்திருக்கிறதுக்கு என்னப்பா அலுப்பு?"
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மகன் கேட்டான்.
நியாயமான கேள்வி.
பதில் தேடுவதற்குள் தூங்கிப்போனேன்,
போன் காதிலேயே.

கோகிலம் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத்
துணியில் சுற்றி முழங்கால்மேல் வைப்பாள்.
குழம்புக்குள் போய்விடக் கூடாதென்று
பேனாவால் அதில் 'கால்' என்று எழுதியிருக்கிறாள்.
மின்வெட்டு வந்தால் பட்டாணி இளகும்.
நான் அவள்மேல் எரிந்துவிழுவேன்.
கரண்ட் வந்ததும் இரண்டையும் பொறுத்துக்கொண்டு
பட்டாணியை மட்டும் ஃப்ரீசரில் வைப்பாள்.

செவ்வாயும் வெள்ளியும் நொகுதுலா வருகிறாள்.
அமைதியின் தாய் என்று பெயருக்கு அர்த்தமாம்.
குதிகாலைப் பிடித்து மடக்குகிறாள்:
குன்யே, குபிலி, குதாது,
நான்காவதில் நான் கத்திவிட்டேன்.
"அது தமிழில் நாலா?" என்றாள்.
இல்லை, அம்மா.
கோணமானியில் எழுபத்தெட்டு.
தொண்ணூறு வேண்டுமாம்.

நேற்று ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்தது.
மேசையில் வாழைப்பழம் இருந்தது, தொடவில்லை.
என் முழங்கால்மேலிருந்து
'கால்' என்று எழுதிய பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தது.
சிரித்தேன்.
சிரிப்பு தையல்வரை இறங்கிக் குத்தியது.
கோகிலம் ஓடிவந்து, நான் அழுகிறேன் என்று நினைத்து,
பிறகு கூரையைப் பார்த்தாள்.

இரவு இரண்டு மணி மட்டும் மாறவில்லை.
எட்டு மணி மாத்திரையின் சாயம்
அப்போது வெளுத்துவிடும்.
வலி தனியாக வருவதில்லை,
பழைய கடன்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும்.
எண்பத்தேழில், ஹிக்கின்சன் ஹைவேயில்,
ஆறு நிமிடம் லேட் என்று
நான் நிறுத்தாமல் போன ஒரு மனிதர்,
கையில் தடி, நல்ல மழை.
இன்னும் கை காட்டிக்கொண்டே நிற்கிறார்.

நொகுதுலா சொல்லித்தந்தபடி
குதிகாலை மெத்தையில் மெல்ல இழுக்கிறேன்,
மெல்ல நீட்டுகிறேன்.
மிதிக்கிற அதே அசைவு.
பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை.
வண்டி உடனே நிற்கவில்லை,
அவரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய்த்தான் நின்றது.
கதவு திறந்திருக்கிறது.
அவருக்கும் முழங்கால்தான் போலிருக்கிறது,
மெதுவாக வருகிறார்.
வரட்டும்.