1911, ஒரு கோடு

நிரந்தரப் பணியாளருக்கு நீலப் பட்டி.
எனக்குப் பச்சை.
இருபத்து நான்கு மாதம் கழுத்தில் கிடக்கும்,
நீட்டிப்பு உறுதியல்ல என்று
கடிதத்தின் நான்காம் பத்தியே சொல்லிவிட்டது.
நல்கை நூலகர்.
அம்மா அண்டைவீட்டாரிடம் சொல்லும்போது
முதல் சொல்லை விழுங்கிவிடுவாள்.

கணினிக்கு என் பெயர் யாழரசி டி ஓ.
அப்பா வேலாயுதத்துக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை,
மகள் என்பதோடு நின்றுவிட்டது.
மிஸ் டோ என்று மின்னஞ்சல் வரும்.
நானும் பதில் போடுவேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு.
முதலில் ஆய்வுத் தரவு, அப்புறம் மின்னிதழ்ச் சந்தா
(எத்தனை வெள்ளி என்று கேட்டுவிட்டு எச்சில் விழுங்கினேன்),
மூன்றாவதாகத் தகவல் மேசை.
தேர்வு வாரம். நாற்காலிகளில்
மனிதருக்குப் பதில் குடை, திசுத்தாள் பொட்டலம்,
ஓரிடத்தில் ஒற்றைச் செருப்பு.
கழிவறை எங்கே, அச்சுப்பொறி ஏன் இப்படி,
ஏன் இவ்வளவு குளிர்
என்பவற்றுக்கு நடுவேதான் வந்தாள் ஜிங் வென்.

வரலாறு, நான்காம் ஆண்டு. தமிழ் தெரியாது.
துறைமுகக் கூலிகளைப் பற்றி ஏதோ சிறுநூலாம்.
ஆசிரியர் பெயரை ஓர் அடிக்குறிப்பிலிருந்து
கோலம் பழகுபவள்போல் பார்த்து வரைந்திருந்தாள்:
பழ. கண்ணுச்சாமி.

தேடினால் இல்லை.

ழ என்றால் என்னவென்று கணினியைக் கேட்டுப் பாருங்கள்.
எல்லுக்குக் கீழே கோடு என்னும் ஒரு நாள்,
இஸட் எச் என்னும் மறுநாள்,
சில நாள் வெறும் எல்.
ஒன்பது விதமாய் அடித்தேன்.

கிடைத்தார். மூன்று பேராக.
ஒருவர் 1911இல் பிறந்து, கோடு போட்டு,
இன்னும் உயிரோடிருந்தார்.
ஒருவர் 1968இல் இறந்திருந்தார், பிறக்கவே இல்லை.
மூன்றாமவருக்கு ஆண்டே கிடையாது,
பழத்தைக் குடும்பப் பெயராக்கி
வரிசையில் முன்னே நிறுத்தியிருந்தார்கள்.

அடித்தளத்தில் சக்கரத்தைச் சுற்ற
அலமாரிகள் முனகி விலகின.
நாற்பத்தெட்டுப் பக்கம். துருப்பிடித்த கம்பித் தையல்.
தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை.
படிக்க முடியாததை ஜிங் வென்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கூலிப் பட்டியல் எண்கள்தானே," என்றாள்.
எண்களில் தொடங்கினாள்.

அன்றிரவு மூடும் அறிவிப்புக்கு முன்
மூவரையும் ஒன்றாக்க உட்கார்ந்தேன்.
ஹஸ்லிண்டா தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து,
"உறுதிதானே? பிறகு பிரிப்பது கஷ்டம்."
முன்னுரைகளை ஒப்பிட்டாயிற்று,
அதே தெரு, அதே அச்சகம், அதே எழுத்துப்பிழை.
உறுதிதான்.
ஒரு சொடுக்கு.
1911இல் பிறந்தவர்
ஐம்பத்தேழு வயதில் காலமானார்.
யாரிடம் துக்கம் கேட்பதென்று தெரியவில்லை.
ஹஸ்லிண்டா கோப்பி வாங்கப் போய்விட்டாள்.

பழைய பெயர்களை நான் அழிக்கவில்லை.
தப்பாய் அடிப்பவரும் வந்து சேரட்டும் என்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு 'காண்க' வைத்தேன்.

ஆண்டிறுதிப் படிவம் கேட்கிறது:
உங்கள் பங்களிப்பால் விளைந்த வளர்ச்சி என்ன?
எண்ணில் தருக.
மைனஸ் இரண்டு என்று அடித்தேன்.
சிவப்பில் வந்தது: குறை எண் ஏற்கப்படாது.

உயிரோடிருக்கும் ஆசிரியருக்கெல்லாம்
பிறந்த ஆண்டு, ஒரு கோடு,
அதற்கப்பால் வெற்றிடம்.
என் நியமனக் கடிதத்தில்
கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆண்டு இருக்கிறது.

கெண்ட் ரிட்ஜ் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கையில்
பச்சைப் பட்டியைச் சுருட்டிப் பைக்குள் போடுகிறேன்.
ஜிங் வென்னின் குறுஞ்செய்தி, ஒரு படத்துடன்:
முகப்பில், அவர் பெயரில், இரண்டாவதாய்
வால் சுழித்துக் கிடக்கிறதே,
இதை எப்படிச் சொல்வது?

நாக்கை மடி என்று அனுப்புகிறேன்.
கதவு திறக்கிறது.
இன்னும் கொஞ்சம்.