ஒன்று முதல் ஐந்து வரை

மாவட்டக் கல்வி அலுவலகத்துப் படிவம்,
பதினோரு பக்கம்.
கணினி கற்பிக்கும் ஆசிரியர்
தன் திறன்களுக்குத் தானே மதிப்பெண் இடவேண்டும்,
ஒன்று முதல் ஐந்து வரை.

அட்டவணைச் செயலி: மூன்று.
படக்காட்சி தயாரித்தல்: நான்கு
(போட்ட பிறகு கொஞ்சம் கூச்சம்).
வலையமைப்பு: ஒன்று. அதுவே தாராளம்.

நாரின் நகரில் ஜனவரி.
ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாள் திணித்திருக்கிறேன்.
பதினான்கு கணினிகளில் ஒன்பது எழுந்திருக்கும்.
விசிறி இரைவதைக் கேட்டே
இன்றைக்கு எது படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்தொன்பது ஆண்டு வேதியியல் நடத்தியவள் நான்.
அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே:
அந்த மாதிரி விதிகளோடு வாழ்ந்தாயிற்று.
கணினி வாத்தியார் மாக்சத்
லாரி ஓட்ட ரஷ்யாவுக்குப் போனதும்
சாவிக்கொத்து என் கைக்கு வந்தது.
முதல் மாதம்
பிள்ளைகள் தடுமாறிய இடத்திலெல்லாம்
சுட்டியைப் பிடுங்கி நானே முடித்துக்கொடுத்தேன்.
எல்லா வேலையும் முடிந்தது.
யாருக்கும் எதுவும் வரவில்லை.

பிறகுதான்
சுண்ணாம்புக்கட்டி ஒன்றை முதுகுக்குப் பின்னால்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
வரிசைகளுக்கு நடுவே நடக்கப் பழகினேன்.
கட்டி ஒடிந்த நாட்கள் உண்டு.
சேமித்த கோப்பைச் சைக்கால் தேடிய நான்கு நிமிடமும்
(திரையின் மூலையிலேயே இருந்தது, எனக்குத் தெரியும்)
என் பல் வலித்தது.

இதற்கு என்ன பெயர்?
எத்தனை போடுவது?

அப்புறம் ஓமுர்பெக்.
ஏழாம் வகுப்பு, கடைசிக் கணினி,
கம்பளித் தொப்பியைக் கழற்றாதவன்.
தன் பெயரைத் தட்டிவிட்டு நிறுத்தினான்.
"எஜெகே, இது நான் இல்லை."

எங்கள் மொழியில் ஓர் எழுத்து:
வட்டம், அதன் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு.
இன்னொன்று, நேராக ஊன்றிய கவட்டை.
ரஷ்ய விசைப்பலகையில் இரண்டும் கிடையாது.
கோடில்லாத வட்டத்தை வைத்தே
என் கடிதங்கள் எல்லாம் போயிருக்கின்றன.
யாரும் கேட்டதில்லை. நானும்.
ஓமுர் என்றால் ஆயுள்.
திரையில் அந்த ஆயுளுக்கு
இரண்டு உயிரும் பிழை.

"எப்படிப் போடுவது?"
வகுப்பே திரும்பிப் பார்த்தது.
தொண்டையில் ஒரு பொய் தயாராக நின்றது:
அது அடுத்த வருடப் பாடம்.
"எனக்குத் தெரியாது" என்றேன்.
பத்தொன்பது ஆண்டில் கரும்பலகைக்கு முன்னால்
வராத வாக்கியம்.
எதுவும் வெடிக்கவில்லை.
"எங்கே தேடலாம், சொல்லுங்கள்."

தெமிர் ஒவ்வொரு விசையாக அமுக்கி
நோட்டில் குறித்துக்கொண்டான்.
சைக்கால் அமைப்புகளுக்குள் இறங்கி
மூன்றாம் கணினியைப் பின்லாந்து மொழிக்கு மாற்றிவிட்டாள்,
திரும்பி வர அரைமணி.
மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.
என் கையில் சுண்ணாம்பு தூளாகிவிட்டது.

மறுநாள் பூட்டிய கதவின் முன் நின்றிருந்தான்,
இமையெல்லாம் பனித்தூள்.
கிர்கிஸ் விசையமைப்பு. வலப்பக்க ஆல்ட்.
அதைப் பிடித்தபடி வட்டத்தை அமுக்கினால்
வயிற்றில் கோடு விழுகிறது.
பெயரை ஒருமுறை அடித்தான்.
பிறகு ஒரு பக்கம் முழுக்க.
பின்னால் வரிசை நின்றது,
அவரவர் பெயரைத் திருத்திக்கொள்ள.
எனக்கு யாரும் வரிசையில் இடம் விடவில்லை.

இப்போது இரவு. அடுப்பு அணையப்போகிறது.
ஆறாம் பக்கம்: "சிக்கல் தீர்க்கும் திறன்."
அதை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புகிறேன்.
அலுவலகமே அச்சிட்டு அனுப்பிய என் பெயர்:
சூரா போகோன்பாயெவா.
அதில் இரண்டு வட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.
பேனாவை எடுத்துக்
குறுக்கே ஒரு கோடு.
இன்னொரு கோடு.

மை உறைந்துவிட்டது.
மீதிப் பக்கங்கள் நாளைக்கு.