மூணு அஞ்சு

செந்தூலில் டயர் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
படிக்கட்டில் எப்போதும் ரப்பர் வாசம்.
மூன்று பள்ளிகள் வேண்டாமென்றவர்கள்
காலை எட்டுக்கு ஏறி வருவார்கள்,
எட்டரைக்கு, ஒன்பதுக்கு,
சிலர் மழை விட்ட பிறகு.

நான் டீச்சர் இல்லை. கிராணி.
தொலைபேசி, வருகைப் பதிவு,
கழிவறைச் சாவி,
அப்புறம் இந்த 555.
மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே,
உள்ளங்கைக்குள் அடங்கும் அதே புத்தகம்.
நடப்பதையெல்லாம் அதில் எழுதச் சொன்னார்கள்.
விலை மலிவு.

மார்ச் 4. கிஷோத்தரன். நாற்காலி வீசினான்.
மார்ச் 4. ஹக்கிம். கெட்ட வார்த்தை,
முதலில் மலாயில், பிறகு நல்ல தமிழில்.
மார்ச் 5. துர்காஷினி. கதவை உதைத்தாள். தாழ்ப்பாள் போச்சு.
மார்ச் 6. கிஷோத்தரன். நாற்காலி.
அதே நாற்காலி,
ஒரு கால் வளைந்த நீலம்.

சுவரில் விதிகள் ஒட்டினோம், பத்து.
மறுநாள் ஏழு இருந்தன.
ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்தார்.
கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.
அவர் போனதும்
அவர் கொடுத்த பேனாக்களால் குத்திக்கொண்டார்கள்.
அதற்கு இரண்டு பக்கம் ஆனது.

சாவி கேட்க வந்த துர்காஷினி
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே
புத்தகத்தைத் தலைகீழாக வாசித்தாள்.
"எங்கம்மா காசு கட்டுனா
கடைக்கார அங்கிள் கோடு போட்டுருவாரு.
நீங்க எப்பக்கா கோடு போடுவீங்க?"

டீச்சரைக் கேள் என்றேன்.
சாவியைக் கொடுத்தேன்.
வேறென்ன சொல்வது,
எனக்குக் கோடு போடச் சொல்லி
யாரும் சம்பளம் தரவில்லை.

அடுத்த புதன்கிழமை
ஒரு தாழ்ப்பாளோடு வந்தாள்.
ஆறு வெள்ளி, நான்கு திருகாணி.
டயர் கடையில் ஸ்குரூடிரைவர் இரவல் வாங்கி
அவளே பூட்டினாள்.
கொஞ்சம் கோணல்.
தூக்கிச் சாத்தினால் விழும்.
மார்ச் 5க்கு மேல் கோடு போட்டேன்,
அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்
ஸ்கேல் வைத்து.

மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.
என் மேசையைச் சுற்றி நின்றார்கள்,
யாருக்கு எவ்வளவு பாக்கி என்று.
ஹக்கிம் மட்டும்
ஐஸ் மைலோ பொட்டலத்தை உறிஞ்சியபடி கேட்டான்:
கெட்ட வார்த்தைக்கு என்ன விலைக்கா?
ரெபெக்கா டீச்சருக்கும் தெரியவில்லை.
அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

கிஷோத்தரன் வரவில்லை.
அவன் பக்கம் கோடில்லாமல் நீண்டது.
சலித்துப்போய்
ஓரத்தில் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்தேன்:
நாற்காலி விழுந்தது எப்போது,
எழுந்தது எப்போது.
முதலில் மாலை வரை கிடந்தது.
காவலாளி கூட்டும்போது நிமிர்த்தினார்.
ஏப்ரலில் ஒருமுறை நாற்பது நிமிடம், அவனே.
பிறகு பதினைந்து.
பிறகு அவன் அப்பா வீட்டுக்குத் திரும்பிய வாரம்,
மீண்டும் மாலை வரை.
மே மாதம் ஆறு.

இலாகாவிலிருந்து வந்தவர் சதவீதம் கேட்டார்.
சம்பவங்கள் குறைந்திருக்கின்றனவா?
எண்ணிப் பார்த்தேன்.
நாற்காலி விழுவது குறையவில்லை.
அப்படியானால் முன்னேற்றமில்லை என்று
கட்டத்தில் குறித்துக்கொண்டார்.
எழுந்த நேரத்துக்கு
அவர் படிவத்தில் கட்டமில்லை.
சாத்தும்போது மெதுவா சார், என்றேன்,
கதவைக் காட்டி.

ஜூன் 12. கிஷோத்தரன்.
சத்தம் கேட்டு, தலை தூக்காமலே
'நா' என்று தொடங்கினேன்.
பேனா மக்கர் செய்தது. உதறினேன்.
நிமிர்ந்தபோது
நாற்காலி நின்றுகொண்டிருந்தது.
அவன் குந்தி உட்கார்ந்து
வளைந்த காலுக்கு அடியில்
சுவரிலிருந்து கிழித்த ஏதோ ஒரு விதியை
நான்காய் மடித்துச் செருகிக்கொண்டிருந்தான்.

ஆட்டிப் பார்த்தான். ஆடியது.
இன்னொரு மடிப்பு.

கீழே டயருக்குக் காற்று ஏறுகிறது.
எழுதி முடிக்கவா,
கோடு போடவா தெரியவில்லை.
அந்த வரியில் இன்றுவரை
'நா' மட்டும்.